கரி எடுத்த நிலத்தில் வீடு: அடியில் இருப்பதற்கு யார் செலவு செய்வது?

இங்கிலாந்தின் வடக்கில் ஷெஃபீல்டு நகருக்கும் ராதரம் நகருக்கும் நடுவே வேவர்லி என்றொரு புதுக் குடியிருப்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. செங்கல் வீடுகள், இரண்டு ஏரிகள், 2020இல் திறந்த ஒரு தொடக்கப் பள்ளி, கூப்பிடு தூரத்தில் விமான எஞ்சினுக்கான பாகங்கள் தயாராகும் தொழிற்பூங்கா. தொடக்கத்தில் மொத்தம் 3,890 வீடுகளுக்கு அனுமதி. இன்று போய்ப் பார்க்கிறவருக்கு அது இங்கிலாந்தில் எங்கும் தென்படுகிற ஒரு புறநகர்தான்.

அந்த நிலத்தின் பழைய பெயர் ஓர்கிரீவ். 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1981 வரை அங்கே நிலக்கரிச் சுரங்கம் இயங்கியது. பக்கத்திலேயே நிலக்கரியைச் சுட்டு, எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் என்ற எரிபொருள் ஆக்கும் பெரிய ஆலை, அது இன்னும் பத்தாண்டு போல ஓடியது. 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, இந்த ஆலையிலிருந்து ஸ்கந்தார்ப் எஃகு ஆலைக்கு கோக் போவதைத் தடுக்க ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாசலில் திரண்டார்கள். ஜூன் 18 அன்று போலீஸ் குதிரைகளை ஏவி அவர்களை அடித்து விரட்டியது. கலவரம், சட்டவிரோதமாகக் கூடுதல் என்று 95 பேர் மீது வழக்கு. அடுத்த ஆண்டு அது நீதிமன்றத்தில் நிற்காமல் போனது. 1991இல் தெற்கு யார்க்‌ஷயர் காவல்துறை 39 பேருக்கு 4,25,000 பவுண்டு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. என்ன நடந்தது என்று விசாரிக்க அரசு முன்வருவதற்கு 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் நிலம் ஆளே அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. பிரிட்டனில் இப்படி மாறிய, மாறிக்கொண்டிருக்கிற சுரங்க நிலங்கள் ஏராளம். "பழைய சுரங்கத்தில் வீடு கட்டுகிறார்கள்" என்று செய்தி வந்தால் சிலர், சும்மா கிடந்த இடம் உருப்பட்டது என்கிறார்கள். சிலர், அங்கே போய் யார் குடியிருப்பார்கள் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே பாதிப் பேச்சாகத்தான் படுகிறது. இந்த நிலத்தைப் பாதுகாப்பாக ஆக்கும் வித்தை இன்றைக்கு நன்றாகவே தெரிந்த ஒன்று. சிக்கல் பணத்தில் இருக்கிறது. தரைக்கு அடியில் போகும் ஒவ்வொரு பவுண்டும் தரைக்கு மேலே வரவேண்டிய எதையோ குறைக்கிறது. அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே தீர்க்காவிட்டால், கடைசியில் அது குடிவருகிறவர்களின் தலையில்தான் இறங்கும்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும் என்று தோன்றும். உண்மையில் நேர்மாறு. 20ஆம் நூற்றாண்டின் ஆழச் சுரங்கங்களில் அகலமான ஒரு முகப்பு முழுவதும் கரியை வழித்தெடுத்துக்கொண்டே முன்னேறுவார்கள். பின்னால் கூரையை இடிந்து விழ விட்டுவிடுவார்கள். மேலே நிலம் சில ஆண்டுகளில் இறங்கி, அத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது அதற்கு முந்தைய, ஆழமில்லாத சுரங்கங்களுக்கு. அந்தக் காலத்தில் கரியிலேயே அங்கங்கே தூண் விட்டு, நடுவில் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்தார்கள். தூண்கள் நூறு, இருநூறு வருடம்கூடத் தாங்கும். அப்புறம் ஒன்று நொறுங்கும். கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிர, வெற்றிடம் மேல்நோக்கி ஏறிவந்து ஒருநாள் யாருடைய தோட்டத்திலோ பள்ளமாகத் திறக்கும். தரையிலிருந்து 30 மீட்டருக்குள் இப்படி வெட்டியிருந்தால் பொறியாளர்கள் மிகவும் கவனமாகிவிடுகிறார்கள். எடுத்த கரி அடுக்கின் கனத்தைப்போல் பத்து மடங்கு கெட்டிப் பாறை மேலே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இரண்டு மீட்டர் கரி போயிருந்தால் இருபது மீட்டர் பாறை. அவ்வளவு இல்லையென்றால் துளையிட்டு நிரப்ப வேண்டியதுதான்.

எங்கே வெட்டினார்கள் என்பதற்கு வரைபடம் வேண்டுமே? கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1872இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வேலைகளுக்குப் பல இடங்களில் காகிதமே கிடையாது. அதனால் மனை பிரிப்பதற்கு முன்னால் வரிசையாகத் துளை போட்டு, கம்பி சட்டென்று கீழே இறங்குகிறதா, உள்ளே விட்ட தண்ணீர் திரும்பி வராமல் காணாமல் போகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வெற்றிடங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். துளை போடவும் அனுமதி வாங்க வேண்டும். பிரிட்டனில் நிலத்தின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், எடுக்காமல் விட்ட கரியும் பழைய சுரங்க வழிகளும் பெரும்பாலும் அரசு ஆணையம் ஒன்றுக்குச் சொந்தம். 1994இல் நிலக்கரி ஆணையம் என்ற பெயரில் தொடங்கிய அந்த அமைப்பு, 2024இன் இறுதியில் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

வெற்றிடம் அகப்பட்டால் அதற்குள் சிமெண்டும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த குழம்பை அழுத்திச் செலுத்துவார்கள். சில மீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகத் துளைகள். ஒன்றில் செலுத்தினால் அடுத்ததில் பொங்கி வரும்வரை விடுவதில்லை. எரிந்த கரியின் சாம்பல், கரி எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகிறது என்பதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சாம்பலுக்கும் இனித் தட்டுப்பாடுதான். பிரிட்டனின் கடைசி நிலக்கரி அனல்மின் நிலையமான ராட்க்ளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

அடுத்தது ஷாஃப்ட். ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கிய செங்குத்துக் குழி. பிரிட்டன் முழுவதும் இப்படிப்பட்ட சுரங்க வாய்கள் சுமார் 1,70,000 பதிவாகியிருக்கின்றன. பதிவில் இல்லாதவை வேறு. பழைய காலத்தில் வேலை முடிந்ததும் குழியை எப்படி மூடினார்கள் தெரியுமா? கொஞ்ச ஆழத்தில் மரங்களைக் குறுக்கே போட்டு ஒரு தட்டு கட்டி, அதன் மேல் கையில் கிடைத்த மண்ணையும் கல்லையும் உடைந்த வண்டிகளையும் கொட்டி நிரவிவிட்டார்கள். மேலே புல் முளைத்தது. கீழே மரம் உளுத்தது. உளுத்து முடிந்த அன்றைக்கு மொத்த மண்ணும் உள்ளே போய்விடும்.

அதனால் வீட்டுத் திட்டம் வருகிறபோது முதல் வேலை ஷாஃப்டைத் தேடிப் பிடிப்பது. வரைபடத்தில் இருக்கும் புள்ளி சில மீட்டர் தள்ளியும் இருக்கலாம் என்பதால் மேல் மண்ணைப் பட்டை பட்டையாகச் சீவிப் பார்க்கிறார்கள். பழைய செங்கல் வட்டம் தெரிந்தவுடன் உள்ளே இருக்கும் தளர்ந்த மண்ணுக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி இறுக்கி, கெட்டிப் பாறை வரை தோண்டி, அதன் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் மூடியை வார்க்கிறார்கள். மூடியின் அகலம் ஷாஃப்டைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு. ஐந்து மீட்டர் ஷாஃப்டுக்குப் பத்து மீட்டர் மூடி. அதைச் சுற்றி இன்னும் கொஞ்ச தூரத்துக்கு எந்தச் சுவரும் எழும்பக் கூடாது. புதுக் குடியிருப்புகளில் காரணம் தெரியாமல் நடுவில் ஒரு புல்வெளியோ கார் நிறுத்துமிடமோ இருந்தால், அதன் கீழே பல நேரம் ஒரு ஷாஃப்ட் இருக்கும். விற்கக்கூடிய மூன்று நான்கு மனைகள் அதில் போய்விடுகின்றன. ஆரம்பத்திலிருந்தே கணக்கு இப்படித்தான் ஏறுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வாயு

கல்லையும் மண்ணையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வாயு. கைவிட்ட சுரங்கத்தில் மீத்தேன் தேங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கரியும் மரமும் பிடித்துக்கொள்ள, மிச்சம் கரியமில வாயுவும் நைட்ரஜனுமாக மாறும். முதலாவது வெடிக்கும். இரண்டாவது சத்தமில்லாமல் மூச்சை அடைக்கும். இந்த வாயுக்கள் வானிலை பார்த்து நடமாடுகின்றன. காற்றழுத்தம் உயர்ந்திருக்கும்போது வெளிக்காற்று சுரங்கத்துக்குள் போகும். புயல் நெருங்கி அழுத்தம் மளமளவென்று இறங்கும்போது உள்ளே இருப்பது வெளியேறும். வெயில் நாளில் போய் அளந்து "வாயு இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கையை நம்ப முடியாது. மாதக் கணக்கில், அழுத்தம் விழும் நாட்களையும் சேர்த்து அளக்க வேண்டும். தண்ணீரும் இதில் கூட்டாளி. சுரங்கம் இயங்கியவரை இரவு பகலாகப் பம்பு ஓடும். பம்பை நிறுத்தினால் பல ஆண்டுகளில் தண்ணீர் மட்டம் மெல்ல ஏறி, உள்ளே இருக்கும் வாயுவை மேலே தள்ளும்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே கோர்பிரிட்ஜ் என்று ஒரு பழைய சுரங்க ஊர். அங்கே உள்ளாட்சி மன்றம் 64 வாடகை வீடுகள் கட்டி 2009இல் முடித்தது. வீடுகளில் குறையொன்றும் கண்ணில் படவில்லை. 2013இலும் 2014இலும் சில குடும்பங்கள் தலைவலி, மயக்கம் என்று மருத்துவ உதவி தேடிப் போனார்கள். அளந்து பார்த்தால் வீட்டுக்குள் கரியமில வாயு. பழைய சுரங்க வழிகளிலிருந்து தரைக்கு வந்து, அஸ்திவாரத்தின் இடுக்குகள் வழியே அறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. அந்த வீடுகளின் தரைக்கு அடியில் வாயுவைத் தடுக்கும் தாள் போடப்படவில்லை. கட்டி ஐந்து வருடமே ஆன அத்தனை வீடுகளையும் காலிசெய்து, கடைசியில் எல்லாவற்றையும் இடித்தார்கள். ஸ்காட்லாந்தின் பழைய நிலக்கரிப் பகுதிகளில் இனிக் கட்டும் எல்லாப் புது வீடுகளுக்கும் வாயுத் தடுப்பு வேண்டும் என்று, இதை ஆராய்ந்த பொது சுகாதாரக் குழு 2017இல் பரிந்துரைத்தது.

வாயுத் தடுப்பு என்பது பெரிய இயந்திரம் ஒன்றும் அல்ல. கான்கிரீட் தளத்துக்கு அடியில் விரிக்கும் கனமான பிளாஸ்டிக் போன்ற ஒரு தாள், அதன் கீழே காற்று ஓட ஒரு வெற்று இடைவெளி. ஒட்டுகளை நன்றாக உருக்கி ஒட்டி, குழாய் உள்ளே வரும் இடங்களைச் சுற்றி அடைத்து, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் வேறொருவர் வந்து சோதிக்க வேண்டும். வீடு கட்டும்போது போட்டால் மொத்தச் செலவில் அது சின்னப் பங்கு. பிறகு போடுவதென்றால் கோர்பிரிட்ஜ் மாதிரி வீட்டையே இழக்க நேரும். அங்கே ஒரு விஷயம் மக்களுக்குச் சாதகமாக இருந்தது. வீடுகள் அத்தனையும் ஒரே மன்றத்துக்குச் சொந்தமானவை. மாற்று வீடு தரவும், இடிக்கவும், அதே இடத்தில் தடுப்போடு திரும்பக் கட்டவும் ஒரே இடத்தில் முடிவெடுக்க முடிந்தது. ஆளுக்கொரு வீட்டைக் கடன் வாங்கி வாங்கியிருந்தால் அந்த 64 குடும்பங்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

தோண்டி நிரப்பிய மண்

ஓர்கிரீவ் கதை இதிலிருந்து வேறு. அங்கே அடியில் சுரங்கம் மட்டுமல்ல, மேலே கோக் ஆலை விட்டுப்போன விஷமும் இருந்தது. நிலக்கரியைக் காற்றில்லாமல் சுடும்போது தார், பென்சீன், பீனால், சயனைடு கலந்த கழிவு எல்லாம் வரும். பல பத்தாண்டுகள் ஓடிய ஆலையின் அடிமண்ணில் இவை ஊறிக் கிடக்கும். இவற்றில் சில புற்றுநோய் வரவழைப்பவை. அதைச் சுத்தம் செய்யும் பணம் எங்கிருந்து வரும்? இங்கே ஒரு வழி கண்டார்கள். பழைய ஆழச் சுரங்கம் விட்டுப்போன கரி மேலடுக்குகளில் இன்னும் இருந்தது. 1990களில் தொடங்கி நிலத்தையே மேலிருந்து திறந்து, நெய்வேலியில் செய்வதுபோல் திறந்தவெளிச் சுரங்கமாக அந்தக் கரியை எடுத்தார்கள். விற்ற பணம் சுத்திகரிப்புக்கு உதவியது. பழைய தூண்களும் வெற்றிடங்களும் சேர்ந்தே தோண்டப்பட்டதால் அந்தப் பயமும் போயிற்று.

கேட்க நன்றாக இருக்கிறது. சுற்றியிருந்த கிராமங்கள் அதற்காக வருடக்கணக்கில் தூசியையும் சத்தத்தையும் லாரிகளையும் தாங்கின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவிர, ஒரு பிரச்சினை போய் இன்னொன்று வருகிறது. தோண்டிய குழியைத் திரும்ப நிரப்பினால் அது பழைய பாறை ஆகிவிடாது. பல பத்து மீட்டர் ஆழத்துக்கு உடைந்த கல்லும் களிமண்ணுமாகக் கொட்டிய மண் தன் கனத்திலேயே பல வருடம் மெதுவாக அமுங்கிக்கொண்டிருக்கும். இதைவிட மோசம், நிலத்தடி நீர் திரும்ப ஏறிவந்து அந்த மண்ணை முதல்முறையாக நனைக்கும்போது நடப்பது. காய்ந்து முட்டுக்கொடுத்து நின்ற கட்டிகள் இளகிச் சரிய, நிலம் குறுகிய காலத்தில் திடீரென்று இறங்கும். ஆகவே மண்ணை லாரியிலிருந்து கொட்டிவிட்டுப் போனால் போதாது. மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் சோதித்து எழுதிவைக்க வேண்டும். பிறகு அதன் மேல் கூடுதலாக மண்மேடு ஏற்றிச் சில காலம் அழுத்தி வைப்பதும் உண்டு.

அதற்குப் பிறகும் ஓர் இடம் கைவைக்க முடியாதது: குழியின் ஓரம். ஒரு பக்கம் தோண்டாத கெட்டிப் பாறை, மறுபக்கம் நிரப்பிய மண். வீட்டின் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் நின்றால் ஒரு பாதி மட்டும் இறங்கிச் சுவர் பிளக்கும். எனவே அந்தக் கோட்டின் மேல் சாலையோ பூங்காவோ வரும், வீடு வராது. கழிவுக் குன்றுகளின் மண்ணை நிரப்பப் பயன்படுத்தும்போது இன்னொரு தொல்லை. அதில் இருக்கும் இரும்புக் கந்தகத் தாது காற்றும் ஈரமும் பட்டால் சல்பேட்டாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். அதற்கென்று தனிச் சிமெண்ட் போட வேண்டும். அந்தக் குன்றுகளை இருந்த இடத்தில் அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்ல முடியாது. 1966இல் வேல்ஸின் அபர்ஃபானில் மழையில் ஊறிய கழிவுக் குன்று பள்ளிக்கூடத்தின் மேல் சரிந்து 116 குழந்தைகளையும் 28 பெரியவர்களையும் கொன்றது. அந்தத் துயரத்தை அறிந்த எவரும் சுரங்கக் குன்றைச் சாதாரண மேடாகப் பார்க்க மாட்டார்கள்.

கட்டுபடியாகுமா?

இனிப் பணம். இங்கிலாந்தில் பெரிய வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இத்தனை வீடு, பள்ளிக்கு இவ்வளவு, சாலைக்கும் மருத்துவமனைக்கும் இவ்வளவு என்று உள்ளாட்சி மன்றத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். ஆனால் "எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை" என்று கணக்குக் காட்டி அந்தப் பொறுப்புகளைக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. கணக்கு எளிது. வீடுகள் விற்று வரும் மொத்தப் பணத்தில் கட்டுமானச் செலவு, நிலத்தைச் சரிசெய்யும் செலவு, நிலத்தின் விலை, லாபம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் ஊருக்கு. லாபமாக விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆக லாபம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஷாஃப்ட் ஒன்று கூடுதலாக அகப்பட்டால் எது சுருங்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நியாயமாகப் பார்த்தால் சுருங்க வேண்டியது நிலத்தின் விலை. விஷம் ஊறிய, வெற்றிடம் நிறைந்த நிலத்துக்கு நல்ல நிலத்தின் விலை கேட்பது சரியல்ல. நடைமுறையில் நில உரிமையாளர்கள் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. இன்னொரு கொடுமை, துளையிட்டு நிரப்பும் செலவு லண்டனிலும் வடக்கே பழைய சுரங்கப் பகுதியான டர்ஹமிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டின் விலை அப்படியில்லை. பழைய சுரங்க ஊர்களில் வீடுகள் மலிவு. அதனால் எந்த ஊர்கள் நாட்டுக்காகக் கரி எடுத்துக் கொடுத்து நிலம் கெட்டு நிற்கின்றனவோ, அந்த ஊர்களில்தான் "கட்டுபடியாகவில்லை" என்ற வாதம் அதிகம் எடுபடுகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

நிலம் யாருடையது என்ற கதையும் இதோடு சேர்ந்தது. 1947 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. 1994இல் அவற்றைத் தனியாருக்கு விற்றபோது இங்கிலாந்துச் சுரங்கங்களை ஒரே நிறுவனம் வாங்கியது. அதுதான் பிறகு யூகே கோல் என்று அறியப்பட்டது. சுரங்கத்தோடு ஏராளமான நிலமும் போயிற்று. கரித் தொழில் தேயத் தேய அந்த நிலமே நிறுவனத்தின் பெரிய சொத்தாக மாறியது. 2012இல் நிறுவனம் கடனில் தத்தளித்தபோது நிலத்தைத் தனியே பிரித்து ஹார்வொர்த் என்ற நிறுவனமாக்கி, ஓய்வூதியப் பாக்கிக்கு ஈடாக அதில் நான்கில் மூன்று பங்கைத் தொழிலாளர் ஓய்வூதிய நிதிகளுக்குக் கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் பென்ஷன் இந்த வீட்டு மனைகளின் மேல் நின்றது என்பது பலருக்குத் தெரியாது. 2015இல் ஹார்வொர்த் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமானது. வேவர்லியை உருவாக்குவது அந்த நிறுவனம்தான்.

வேறு வழியும் இருந்தது, அதைச் செய்தும் காட்டினார்கள். 1996இல் தேசிய நிலக்கரிப் பகுதித் திட்டம் என்று அரசு தொடங்கி, மூடிய சுரங்க நிலங்களைப் பொதுப்பணத்தில் சரிசெய்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. லீட்ஸ் அருகே அலர்டன் பைவாட்டர் சுரங்கம் 1992இல் மூடியது. அரசு அமைப்பு அந்த நிலத்தைத் தயார்செய்து, வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கட்டுநர்களுக்குக் கொடுத்தது. வேலை வேகமாக நடக்கவில்லை, குறைகளும் இருந்தன. ஆனால் அடியில் ஆகும் செலவைப் பொதுமக்கள் சார்பில் அரசு ஏற்றதால், மேலே என்ன வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அரசின் கையில் இருந்தது. எனக்கு இதுதான் சரியான வரிசையாகப் படுகிறது. கரியை நாடு முழுவதும் எரித்தது. அதன் குழியை மூடும் செலவை ஒரு ஊரின் பள்ளிக்கூடப் பணத்திலிருந்து எடுக்கக் கூடாது.

வேவர்லியில் முதல் வீடுகளுக்கு மக்கள் வந்தது 2010களின் தொடக்கத்தில். தொடக்கப் பள்ளி திறந்தது 2020இல். இடையில் பிறந்த குழந்தைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போய் வந்தார்கள். பால் பாக்கெட் வாங்கவும் காரை எடுக்க வேண்டியிருந்த ஆண்டுகள் அவை. ஊர் என்ற பெயருக்கு வேண்டிய கடைத்தெரு இன்னும் தாமதமாகத்தான் வந்தது. வேலை விஷயத்தில் வேவர்லி மற்ற பல இடங்களைவிட அதிர்ஷ்டசாலி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் போயிங்கும் 2001இல் தொடங்கிய ஆய்வு மையம், விமான எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளை வார்க்கும் ரோல்ஸ் ராய்ஸ் ஆலை, இளைஞர்கள் தொழில் பழகும் பயிற்சி மையம் எல்லாம் அதே நிலத்தில் வந்தன. மற்ற பல சுரங்க ஊர்களில் வீடு மட்டும்தான் வந்தது. வேலைக்கு விடியற்காலையில் நகரத்துக்குக் கிளம்பிப் போகிறார்கள். சுரங்கம் இருந்தவரை தொழிலாளர்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய நலச் சங்கக் கட்டடம், அதன் கால்பந்து மைதானம், பித்தளை வாத்தியக் குழு என்று ஒரு வாழ்க்கை இருந்தது. புதுக் குடியிருப்பின் வரைபடத்தில் அவற்றுக்கு ஈடான எதற்கும் இடம் ஒதுக்கப்படுவது அபூர்வம்.

அடியில் இருப்பது எல்லாம் சுமை மட்டுமல்ல என்பதற்கும் இப்போது ஆதாரம் இருக்கிறது. சுரங்கத்தில் நிரம்பிய தண்ணீர் பூமியின் சூட்டில் வருடம் முழுவதும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். டைன் நதிக்கரையில் கேட்ஸ்ஹெட் நகர மன்றம் சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து அதை எடுத்து, வெப்பப் பம்பில் சூட்டைக் கூட்டி, 2023 முதல் நூற்றுக்கணக்கான அடுக்குமாடி வீடுகளுக்கும் கல்லூரிக்கும் கலைக்கூடங்களுக்கும் கொடுக்கிறது. 6 மெகாவாட் திறன். டர்ஹம் கடற்கரையில் சீஹம் ஊரில், மூடிய டாடன் சுரங்கத்தின் தண்ணீரை எப்படியும் இறைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும்; விட்டால் அது குடிநீர் ஊற்றில் கலந்துவிடும். இறைக்கும் செலவு நிரந்தரம் என்றாகிவிட்ட பிறகு, அந்தச் சூட்டில் 1,500 புது வீடுகளுக்குக் கதகதப்பு தரலாமே என்று அங்கே திட்டம் போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் கேஸ் பில்லைப் பார்த்து ஹீட்டரை அணைத்துவிட்டு உட்காரும் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. இந்தச் சூடு அவர்களுக்கு மலிவாகக் கிடைக்குமா, அல்லது குழாய் போட்ட செலவு என்று பில்லில் ஏறுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டை விற்ற பிறகு கட்டுநர் கிளம்பிவிடுவார். நிலம் அங்கேயே இருக்கும். கரி எடுத்ததால் தரை இறங்கி வீடு பாதித்தால் 1991 சட்டத்தின்படி சுரங்கச் சீரமைப்பு ஆணையமோ உரிமம் வைத்திருந்த சுரங்க நிறுவனமோ சரிசெய்து தர வேண்டும். அது நல்ல பாதுகாப்பு. ஆனால் நிரப்பிய மண்ணைச் சரியாக இறுக்காமல் விட்டதால் இறங்கினால் அது கட்டுநரோடு போட வேண்டிய வழக்கு. புது வீட்டின் உத்தரவாதம் பொதுவாகப் பத்து வருடம்தான், வீட்டுக் கடனோ இருபத்தைந்து, முப்பது வருடம். அதோடு புதுக் குடியிருப்புகளில் சாலை, ஏரி, பூங்கா, மழைநீர்க் குளம் இவற்றை உள்ளாட்சி ஏற்காமல் தனியார் நிர்வாக நிறுவனத்திடம் விட்டு, அதற்கு வீட்டுக்காரர்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்குவது வழக்கமாகிவிட்டது. 2021-22இல் பெரிய கட்டுநர்கள் 11 பேர் நிலத்தோடு சேர்த்து முழு உரிமையாக விற்ற புது வீடுகளில் 80 சதவீதத்தில் இப்படிப்பட்ட கட்டணம் இருந்ததாகப் பிரிட்டனின் போட்டி ஆணையம் 2024இல் கண்டது. சுரங்க நிலத்தில் அந்தப் பூங்காவுக்கு அடியில் ஷாஃப்ட் மூடியும், அந்தக் குளத்துக்கு அடியில் நிரப்பிய மண்ணும் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புல் வெட்டும் ஒப்பந்தத்தோடு சேர்த்து யாரிடமோ போய்விடக் கூடாது.

இதற்கு உள்ளாட்சி மன்றங்கள் அனுமதிக் கடிதத்திலேயே சில வரிகள் சேர்த்தால் போதும். முதல் வீடு விற்பதற்கு முன்னால் நீண்டகாலக் கண்காணிப்புக்கு ஒரு நிதியைக் கட்டுநர் ஒதுக்கிப் பூட்டிவைக்க வேண்டும். மண் எவ்வளவு இறங்கியது, வாயு அளவு என்ன, ஷாஃப்ட் மூடிகள் எங்கே என்ற பதிவுகள் வீட்டுக்காரர்கள் எவரும் எப்போதும் பார்க்கும்படி மன்றத்தில் இருக்க வேண்டும். வீட்டின் தரைக்கு அடியில் வாயுத் தடுப்புத் தாள் சரியாக ஒட்டியிருக்கிறது என்று சோதித்தவரின் கையெழுத்து, சாவியோடு சேர்ந்து அந்தக் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும்.